தர எழுத்திலிருந்து தரப்புள்ளிச் சராசரி: பட்டியலின் பின்பக்கத்தில் தொடங்கும் கணக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா, சென்ற ஆனி மாதம் ஒரு மாலையில் தம் மகனுடைய மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். மகன் சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் இளநிலை அறிவியல் படிக்கிறான். "சார்வாள், ராப்பகலா படிக்கான்னுல்லா நெனச்சேன், எல்லாத்துலயும் டின்னும் டி பிளஸ்ன்னும் போட்டிருக்காவளே. அமெரிக்காவுல இருக்க எங்க அண்ணன் மவன்ட்ட கேட்டா, டின்னா தேறாத குறைதான்னு சொல்லுதான்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தமிழில் 72 மதிப்பெண்ணுக்கு ஏ பிளஸ், ஆங்கிலத்தில் 68-க்கு ஏ, முதன்மைப் பாடங்கள் இரண்டில் 83-க்கு டி பிளஸ், 76-க்கு டி, துணைப்பாடத்தில் 80-க்கு டி பிளஸ் என்று அச்சாகியிருந்தது. ஏ என்று இருந்ததுதான் பையன் ஆகக் குறைவாக வாங்கிய பாடம். அம்மா அழுதது அவன் ஆக நன்றாக எழுதிய பாடங்களுக்காக.

முப்பது ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கும் எனக்கு, மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை இப்படிப் பட்டியலோடு வருபவர்களுக்கு விளக்குவதே பாதி வேலையாகிவிட்டது. தர எழுத்தைத் தரப்புள்ளியாக மாற்றுவதும், அதிலிருந்து ஜிபிஏ எனப்படும் தரப்புள்ளிச் சராசரியைக் கணக்கிடுவதும் ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் செய்யக்கூடிய வேலைதான். தவறு நேர்வது பெருக்கலில் அன்று. எந்த அட்டவணையைக் கொண்டு பெருக்குவது என்பதிலும், எதை எதால் வகுப்பது என்பதிலுமே நேர்கிறது.

எந்த ஊர் மரக்கால்?

நெல் அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் மாறுபட்ட காலத்தில், எந்த ஊர் மரக்கால் என்று கேட்காமல் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் விலை பேசமாட்டார்கள். தர எழுத்தும் அப்படிப்பட்டதே. எழுத்துக்குத் தனக்கென ஒரு மதிப்பு இல்லை. அதை வழங்கிய நிறுவனத்தின் அட்டவணையில்தான் அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே கணக்கின் முதல் வேலை, பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பது. பெரும்பாலான பட்டியல்களில் அட்டவணை அங்கேதான், பொடி எழுத்தில், இருக்கும். அங்கே இல்லாவிட்டால் நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய விதிமுறைக் கையேட்டில் இருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2014-ஆம் ஆண்டில் விருப்பப்பாட முறைக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் பத்துப் புள்ளி அளவுகோல் ஒன்றைத் தந்தது. அதில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, தேர்ச்சியை மட்டும் குறிக்கும் பாஸ் என்ற சொல்லின் முதலெழுத்துக்கு 4, எஃப் என்றால் சுழியம், தேர்வுக்கு வராதவருக்கும் சுழியம். இந்த அட்டவணையில் ஒரு சிறு சங்கடம் உண்டு. ஆறு புள்ளிக்கான எழுத்தையும் நான்கு புள்ளிக்கான எழுத்தையும் நாம் ஒன்றுபோலவே 'பி' என்று உச்சரிக்கிறோம். விடுதியிலிருந்து மகன் கைப்பேசியில் 'பி வந்திருக்கு' என்று சொன்னால், அது ஆறா நான்கா என்று இங்கே இருக்கும் தகப்பனாருக்குத் தெரியாது. எழுத்தைக் கேட்காதீர்கள், புள்ளியைக் கேளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எழுத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பை அக்குழு சொன்னதே தவிர, எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்து என்பதைப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. அங்கேதான் மரக்கால் மாறுகிறது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி உட்பட, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள கல்லூரிகளில் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படி 91 முதல் 100 வரை ஓ, 81 முதல் 90 வரை ஏ பிளஸ், 71 முதல் 80 வரை ஏ, 61 முதல் 70 வரை பி பிளஸ், 56 முதல் 60 வரை பி, 50 முதல் 55 வரை சி, அதற்குக் கீழே தேறாததைக் குறிக்கும் யு. அதே பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறையில் சி என்ற எழுத்தே கிடையாது. 50 முதல் 60 வரை எல்லாம் பி. ஒரே வீட்டில் அண்ணன் 52 வாங்கியபோது ஆறு புள்ளியும், தம்பி அதே 52 வாங்கியபோது ஐந்து புள்ளியும் பெற்றிருந்தால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை. இருவரும் வேறு வேறு விதிமுறையின்கீழ்ப் படித்தவர்கள்.

இனி அந்த அம்மாவின் கண்ணீருக்குக் காரணமான அட்டவணை. சென்னைப் பல்கலைக்கழகமும் அதன் வழியில் செல்லும் பல கலைக் கல்லூரிகளும் மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்து, வருவதையே புள்ளியாக வைத்துக்கொள்கின்றன. 83 என்றால் 8.3, 76 என்றால் 7.6. எழுத்து என்பது அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. 90 முதல் 100 வரை ஓ, 80 முதல் 89 வரை டி பிளஸ், 75 முதல் 79 வரை டி, 70 முதல் 74 வரை ஏ பிளஸ், 60 முதல் 69 வரை ஏ, 50-களில் பி, 40-களில் சி, அதற்குக் கீழே யு. இங்கே டி என்பது டிஸ்டிங்ஷன் என்ற சொல்லின் முதலெழுத்து. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் சொன்னதும் பொய் இல்லை; அவருடைய ஊரில் டி என்பது நான்கில் ஒரு புள்ளி. சென்னை ஐஐடி-யிலோ எஸ் என்றால் 10, ஏ 9, பி 8, சி 7, டி 6, இ 4. ஆக, டி என்ற ஒரே எழுத்துக்கு ஓரிடத்தில் ஏழரைக்கு மேல், ஓரிடத்தில் ஆறு, ஓரிடத்தில் ஒன்று. மானியக் குழுவின் அட்டவணையில் அந்த எழுத்தே இல்லை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்தான் பட்டத்தை வழங்குகிறது என்றாலும், 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியைப் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே பாடத்திட்டம் வகுத்துத் தாமே தேர்வும் நடத்துகின்றன. எனவே, பட்டம் ஒரே பல்கலைக்கழகத்தினுடையதுதானே என்று நினைத்துப் பக்கத்துக் கல்லூரித் தோழியின் அட்டவணையைக் கடன் வாங்கிக் கணக்குப் போடக்கூடாது.

கிரெடிட் என்னும் எடை

புள்ளி தெரிந்துவிட்டால் அடுத்தது எடை. உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோவை 400 ரூபாய்க்கும், இன்னொரு கடையில் விலை குறைவாகக் கிடைத்ததால் நான்கு கிலோவைக் கிலோ 300 ரூபாய் வீதமும் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். சராசரி விலை என்ன என்று கேட்டால், 400-ஐயும் 300-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 350 என்று எந்த வீட்டுக்காரம்மாவும் சொல்லமாட்டார். மொத்தம் கொடுத்தது 1600 ரூபாய், வாங்கியது ஐந்து கிலோ, எனவே 320 என்பார். ஜிபிஏ-யும் இதே கணக்குத்தான். புள்ளி என்பது விலை. ஒவ்வொரு பாடத்துக்கும் வைத்திருக்கும் எடையான கிரெடிட் என்பது கிலோ. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கவேண்டும்.

பொறியியல் முதல் பருவத்து மாணவி ஒருத்தியின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். கணிதம் 4 கிரெடிட், ஏ; இயற்பியல் 3 கிரெடிட், பி பிளஸ்; வேதியியல் 3 கிரெடிட், ஏ பிளஸ்; நிரலாக்கம் 3 கிரெடிட், ஓ; ஆங்கிலம் 3 கிரெடிட், ஏ; ஆய்வகம் 2 கிரெடிட், ஓ.

கணிதம்: 4 × 8 = 32
இயற்பியல்: 3 × 7 = 21
வேதியியல்: 3 × 9 = 27
நிரலாக்கம்: 3 × 10 = 30
ஆங்கிலம்: 3 × 8 = 24
ஆய்வகம்: 2 × 10 = 20

கூட்டினால் 154. கிரெடிட் மொத்தம் 18. 154-ஐ 18-ஆல் வகுத்தால் 8.5555 என்று நீளும். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 8.56. இதுவே அந்தப் பருவத்தின் ஜிபிஏ. சில பட்டியல்களில் எஸ்ஜிபிஏ என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. கிரெடிட்டை மறந்து ஆறு புள்ளிகளையும் கூட்டி ஆறால் வகுத்திருந்தால் 8.67 வந்திருக்கும். ஆய்வகத்தில் பத்துப் புள்ளி என்பது மனத்துக்கு நிறைவாக இருந்தாலும் அதன் எடை இரண்டே. கணிதத்தில் ஒரு படி ஏறியிருந்தால் கிடைத்திருக்கும் ஆதாயம் ஆய்வகத்தில் ஒரு படி ஏறுவதைப்போல் இரண்டு மடங்கு. அடுத்த பருவத்தில் எந்தப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது என்று யோசிக்கும் மாணவர்கள் இதை முதலிலேயே பார்த்துவைப்பது நல்லது.

கருவியைப் பற்றி ஒரு சொல். கைப்பேசியில் உள்ள கணிப்பான் பெருக்கலை முதலில் செய்து பிறகு கூட்டும். ஆனால் கடைக் கல்லாவில் கிடக்கும் சாதாரணக் கால்குலேட்டருக்கு அந்த நாகரிகம் தெரியாது. 4 × 8 + 3 × 7 என்று வரிசையாகத் தட்டினால், 32-உடன் 3-ஐக் கூட்டி, அந்த 35-ஐ 7-ஆல் பெருக்கி 245 என்று காட்டும். அதில் 4 × 8 தட்டிவிட்டு எம் பிளஸ் பொத்தானை அமுக்கவேண்டும். அடுத்து 3 × 7, மீண்டும் எம் பிளஸ். கடைசியில் எம்ஆர் பொத்தானை அமுக்கினால் 154 வந்து நிற்கும். நினைவகத்தில் முன்பு யாரோ போட்ட கணக்கு தங்கியிருக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன் அதைத் துடைத்துவிடவேண்டும்.

அம்மாவின் மகனுடைய பட்டியலில் வேறொரு நுணுக்கம் இருந்தது. கலை, அறிவியல் பட்டங்களில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் என்று பிரித்திருப்பார்கள். சராசரியையும் பகுதி வாரியாகவே தருவதுண்டு. அவனுடைய முதன்மைப் பாடங்கள் இரண்டும் தலா 4 கிரெடிட், துணைப்பாடம் 5 கிரெடிட். 4 × 8.3 = 33.2; 4 × 7.6 = 30.4; 5 × 8.0 = 40. மொத்தம் 103.6-ஐ 13-ஆல் வகுத்தால் பகுதி 3-இன் ஜிபிஏ 7.97. தமிழின் 7.2-ஐயும் ஆங்கிலத்தின் 6.8-ஐயும் இதனோடு கலக்கக்கூடாது. முதுகலைச் சேர்க்கை விண்ணப்பத்தில் பகுதி 3 மட்டும் கேட்கிறார்களா, எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் கேட்கிறார்களா என்பதைப் படித்துவிட்டே எண்ணை நிரப்பவேண்டும்.

அரியர் இருந்தால்

மேலே கண்ட மாணவி கணிதத்தில் மட்டும் தவறி யு வாங்கியிருந்தால் ஜிபிஏ என்ன ஆகும்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் தத்தம் இடத்தில் சரியானவை. தவறிய பாடத்தைச் சுழியமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில் 154-இலிருந்து 32 போய் 122 நிற்கும். அதை முழு 18 கிரெடிட்டால் வகுத்தால் 6.78. ஆனால் அண்ணா பல்கலைக்கழக விதிமுறை, தவறிய பாடத்தைக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுகிறது. மேலே இருக்கும் 32 மட்டுமல்லாமல் கீழே இருக்கும் 4 கிரெடிட்டும் போய்விடும். 122-ஐ 14-ஆல் வகுத்தால் 8.71.

8.71 என்பது அவள் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால் கிடைத்திருக்கும் 8.56-ஐவிட அதிகம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். கணிதத்தில் எட்டு என்பது அவளுடைய மற்றப் பாடங்களின் சராசரியைவிடக் குறைவு என்பதால், அதை நீக்கியதும் சராசரி உயர்ந்துவிட்டது. அரியர் வைத்திருக்கும் பையன் வீட்டில் வந்து 'என் ஜிபிஏ எட்டே முக்கால்' என்று பெருமையாகச் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. முழுக்கதையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெற்றோர் ஜிபிஏ-யோடு நிறுத்திக்கொள்ளாமல், எடுத்த கிரெடிட் எத்தனை, ஈட்டிய கிரெடிட் எத்தனை என்ற இரண்டு எண்களையும் பார்க்கவேண்டும். பிறகு அந்த அரியரை 52 மதிப்பெண்ணோடு எழுதித் தேறினால், 4 × 5 = 20 உள்ளே வந்து, 142-ஐ 18-ஆல் வகுத்து 7.89 ஆகிவிடும். தேறிய பிறகு எப்படிச் சராசரி இறங்கியது என்று அலுவலகத்தில் போய்ச் சண்டைபோடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

பருவங்களைச் சேர்ப்பது

எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடுவது சிஜிபிஏ. இதில் நான் செய்த தவற்றையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கோடைப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு வந்தார், சிஜிபிஏ 8.0 இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்பது நிபந்தனை. முதல் பருவத்தில் 8.56, இரண்டாம் பருவத்தில் 7.50. பேச்சுவாக்கில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 8.03 என்று நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் பருவம் 18 கிரெடிட், இரண்டாம் பருவம் 24 கிரெடிட். 18 கிரெடிட்டில் ஈட்டியது 154. 24 கிரெடிட்டில் ஈட்டியது 24 × 7.50 = 180; மொத்தம் 334. அதை 42-ஆல் வகுத்தால் 7.95. கணிதம் படித்தவன், கருப்பட்டிக் கணக்கை மறந்துவிட்டு ஒரு பிள்ளையின் பயணச் செலவை வீணாக்கினேன்.

பருவ ஜிபிஏ-க்களைக் கூட்டிப் பருவங்களின் எண்ணிக்கையால் வகுப்பது, எல்லாப் பருவத்திலும் கிரெடிட் சமமாக இருந்தால் மட்டுமே சரியாக வரும். அப்படி அமைவது அரிது. கூடுமானால் பருவ ஜிபிஏ-யிலிருந்து தொடங்காமல், ஒவ்வொரு பாடத்தின் பெருக்குத்தொகையிலிருந்தே தொடங்குங்கள். இல்லையேல் ஒவ்வொரு பருவத்திலும் செய்த தசமச் சுருக்கம் கடைசியில் ஒன்றுசேர்ந்து நூற்றில் ஒரு பங்கு கூடவோ குறையவோ செய்யும். சுருக்குவது கடைசி வரியில் ஒரே முறை, இரண்டு தசம இடத்துக்கு மட்டும். 7.95-ஐ 8 என்று முழுமையாக்க எந்த விதியும் இடம் கொடுப்பதில்லை.

மதிப்பெண்ணுக்குத் திரும்பும் வழி

எழுத்துக்கு மாறிய பிறகு மதிப்பெண்ணுக்குத் திரும்ப முடியாது என்பது பத்துப் புள்ளி அளவுகோலின் குணம். மதிப்பெண்ணைப் பத்தால் வகுக்கும் சென்னை முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 81-க்கும் 90-க்கும் ஒரே ஏ பிளஸ் தரும் முறையில் ஒன்பது மதிப்பெண் காற்றில் போய்விடுகிறது. சம கிரெடிட் உள்ள இரண்டு பாடங்களில் ஒருவர் 90, 90 வாங்குகிறார். மற்றவர் 91, 81 வாங்குகிறார். முதலாமவரின் மொத்தம் 180, ஜிபிஏ 9. இரண்டாமவரின் மொத்தம் 172, ஜிபிஏ 9.5. எட்டு மதிப்பெண் குறைவாக வாங்கியவர் அரைப்புள்ளி முன்னே நிற்கிறார். இது முறையின் குறையே என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் 90-இல் நின்றவர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதில் பொருள் உண்டு, 86-இல் நின்றவர் கட்டணம் கட்டுவதற்கு முன் இருமுறை யோசிக்கலாம் என்ற நடைமுறை அறிவு இதிலிருந்து கிடைக்கிறது.

இருந்தாலும் வேலை விண்ணப்பங்கள் விழுக்காட்டைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. இங்கே மூன்று சூத்திரங்கள் கைமாறிக் கைமாறி உலவுகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் சிஜிபிஏ-யைப் பத்தால் பெருக்கச் சொல்கிறது, 7.95 என்றால் 79.5 விழுக்காடு. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கையேட்டில் உள்ள அட்டவணைப்படி 6.25 என்பது 55 விழுக்காடு, 6.75 என்பது 60, 7.25 என்பது 65. அதாவது சிஜிபிஏ-யிலிருந்து 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்குவது. அதன்படி 7.95 என்பது 72 விழுக்காடு. மூன்றாவது, 9.5-ஆல் பெருக்குவது, 7.95-க்கு 75.5 என்று வரும். இது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பத்தாம் வகுப்புக்குத் தரப்புள்ளி கொடுத்துவந்த காலத்தில் அந்த வகுப்புக்கென்று மட்டும் சொன்ன பெருக்கெண். பொறியியல் பட்டத்துக்கும் கலைப் பட்டத்துக்கும் இதைப் போட்டுக் கொடுக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

ஒரே 7.95 என்பது 72 ஆகவும் 75.5 ஆகவும் 79.5 ஆகவும் ஆக முடியும் என்றால், எதை எழுதுவது? விண்ணப்பத்தில் சூத்திரம் குறிப்பிட்டிருந்தால் அதை. குறிப்பிடவில்லை என்றால், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் சொன்னதை. பல்கலைக்கழகம் எதுவும் சொல்லவில்லை என்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பித்து மாற்றுச் சான்று ஒன்றை எழுத்துவழி வாங்கிவைத்துக்கொள்ளவேண்டும். கூடுதலாக வருவதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மட்டும் கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பில் அதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

கடல் கடந்தால்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான அளவுகோல் நான்கு புள்ளி. ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0 என்று இறங்கி, டி 1.0, எஃப் சுழியம். ஏ பிளஸ்ஸுக்குப் பல இடங்களில் 4.0-தான், சில இடங்களில் 4.3 தருகிறார்கள். கணக்கிடும் முறை நம்முடையதேதான். 3 கிரெடிட்டில் பி பிளஸ், 4 கிரெடிட்டில் ஏ மைனஸ், 3 கிரெடிட்டில் ஏ, 3 கிரெடிட்டில் சி பிளஸ் என்றால் 9.9 + 14.8 + 12 + 6.9 = 43.6, அதை 13-ஆல் வகுத்தால் 3.35. அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கும் வழக்கமும் உண்டு என்பதால், உறவினர் வீட்டுப் பிள்ளை நான்குக்கு மேல் ஜிபிஏ வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டால் திகைக்கவேண்டியதில்லை.

நம் பத்துப் புள்ளியை அந்த நான்குக்கு மாற்றுவதில்தான் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். 7.95-ஐப் பத்தால் வகுத்து நான்கால் பெருக்கி 3.18 என்று எழுதிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பட்டியல்களை மதிப்பிட்டுத் தரும் நிறுவனங்கள் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையோ எழுத்தையோ எடுத்து, தங்கள் அட்டவணையில் அதற்கு ஈடான அமெரிக்க எழுத்தைக் கண்டு, பிறகே கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி காண்கின்றன. அந்த வழியில் வரும் எண் 3.18-ஐவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே விண்ணப்பத்தில் 'உங்கள் பல்கலைக்கழக அளவுகோலிலேயே தருக' என்று இருந்தால், 7.95, பத்துக்கு, என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதே சரி.

ஜெர்மனியில் கணக்குத் தலைகீழ்: 1 என்பது மிகச் சிறப்பு, 4 என்பது கடைசித் தேர்ச்சி. அங்கே பல இடங்களில் பயன்படுத்தும் மாற்றியமைக்கப்பட்ட பவேரியச் சூத்திரத்தில், உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். 7.95-க்கு, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால், 2.05-ஐ 5-ஆல் வகுத்து 0.41, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.23. தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் அதே 7.95-க்கு 2.025 வரும். அங்குள்ள பல முதுகலைப் படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருப்பதால், எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. பட்டியலின் பின்பக்கத்தில் தேர்ச்சிப் புள்ளி எத்தனை என்று அச்சாகியிருக்கிறது என்பதை யாரும் பார்க்காமல் விடும் இடமும் இதுதான்.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. பட்டியலைத் திருப்பி, டி பிளஸ்ஸுக்கு நேரே மிகச் சிறப்பு என்று இருந்த வரியை மட்டும் காட்டினேன். பிறகுதான் ஒன்று தெரிந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தோடு வைப்பதற்காக அவர் எடுத்துவைத்திருந்த நான்கு நகல்களிலும் முன்பக்கம் மட்டுமே இருந்தது. "அப்ப பின்பக்கமும் எடுக்கணுமா சார்வாள்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து, மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடை அடைப்பதற்குள் போய்விடவேண்டும் என்று செருப்பை மாட்டினார்.